யார் யோசிப்பது, யார் கையெழுத்துப் போடுவது: கனடாவின் பண்ணை உணவுப் பாதுகாப்புத் திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

1981-இல் கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் லிஸ்டீரியா தொற்று அடுத்தடுத்து வந்தது. மொத்தம் 41 பேர். அவர்களில் 34 பேர் பேறுகாலத் தொற்றுக்கு ஆளானவர்கள்: கர்ப்பிணிகள், வயிற்றிலிருந்த சிசுக்கள், பிறந்த குழந்தைகள். விசாரணை போய் நின்ற இடம் கோல்ஸ்லா, அதாவது நறுக்கிய முட்டைக்கோஸ் சாலட். கோஸ் விளைந்த வயலுக்கு ஆட்டு எரு போட்டிருந்தார்கள். மக்கியதும் உண்டு, மக்காததும் உண்டு. அந்த எரு வந்த மந்தையில் 1979-இல் ஓர் ஆடு, 1981-இல் இன்னோர் ஆடு லிஸ்டீரியாவால் செத்திருந்தது. அக்டோபரில் அறுத்த கோஸ் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கொட்டகையில் அடுக்கிக் கிடந்தது. மற்றக் கிருமிகள் அடங்கிக் கிடக்கும் குளிரிலும் லிஸ்டீரியா மெல்லப் பெருகும்.

எரு போடுவதும் விளைச்சலைக் குளிரில் காப்பதும் நல்ல விவசாயத்தின் அடையாளங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆடு, எரு, வயல், கொட்டகை, சாலட் ஆலை என்று சங்கிலியை ஒரே தாளில் வரைந்து பார்க்கும் வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லை. பின்னாளில் கனடாகேப் என்ற பெயரில் வந்த திட்டம் முதலில் விடை தேடியது இதற்குத்தான்: அந்தச் சங்கிலியை யார் யோசிப்பது?

உணவுப் பாதுகாப்பு என்று தமிழில் இரண்டு பொருளில் எழுதுகிறோம். எல்லோருக்கும் சோறு கிடைப்பது ஒன்று. கிடைத்த சோறு உடம்பைக் கெடுக்காமலிருப்பது மற்றொன்று. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி.

நெருக்கடி எங்கிருந்து வந்தது

1996-இல் குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரி பழங்களால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேருக்கு சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் வயிற்றுப்போக்கு வந்தது. பச்சையாகத் தின்னும் பழத்திலும் கீரையிலும் வயலில் ஒட்டியது தட்டுவரை வரும் என்பது பெரிய அங்காடிகளுக்கு உறைத்த காலம் அது. அங்காடிகள் ஆளுக்கொரு கேள்விப்பட்டியலோடு விவசாயியிடம் வந்தன. மூன்று பேருக்குச் சரக்கு விற்பவர் மூன்று தணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கலாம்.

அரசு ஏன் ஒரே சட்டம் போட்டு முடிக்கவில்லை? கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி விவசாயம் கூட்டரசு, மாகாணம் இரண்டுக்கும் பொது. மாகாண எல்லை தாண்டும் வணிகமும் ஏற்றுமதி இறக்குமதியும் கூட்டரசின் கையில். மாகாணத்துக்குள்ளேயே விற்றுத் தீர்வது மாகாணத்தின் கையில். 1997-இல் உருவான கனடா உணவு ஆய்வு முகமைக்கு ஒவ்வொரு வயலிலும் ஆள் நிறுத்தும் வசதியும் இல்லை. எனவே நடுவழி ஒன்று எடுத்தார்கள். திட்டத்தை எழுதுவதும் நடத்துவதும் விவசாயிகளின் தேசிய அமைப்பு. அது தொழில்நுட்ப ரீதியில் சரியா என்று பார்த்து அங்கீகரிப்பது அரசு. உருவாக்கும் செலவில் பெரும்பங்கு கூட்டரசின் விவசாயக் கொள்கை நிதி. தோட்டப் பயிர்களுக்காக அந்தப் பொறுப்பை எடுத்தது 1922-இல் தொடங்கிய கனடா தோட்டக்கலை மன்றம்.

ஒருமுறை யோசித்து எல்லோருக்கும் கொடுப்பது

ஆலைகளில் புழங்கும் ஹெச்.ஏ.சி.சி.பி. முறை எளிமையானதுதான்: கேடு எங்கே நுழையும் என்று படிப்படியாகப் பட்டியலிடு, எந்தப் படியில் அதைத் தடுக்க முடியும் என்று குறி, அளவு வை, அளந்து எழுது. பால் ஆலையில் சூடேற்றும் படி ஒன்று உண்டு. கிருமி அங்கே சாகும். வயலில் அப்படியொரு படி கிடையாது. பச்சையாகத் தின்னும் லெட்டூஸ் கீரையைக் கொதிக்க வைக்க முடியாது. ஆகவே தடுப்பு முழுவதும் முன்கூட்டிய நல்வழக்கங்களில்தான்: தண்ணீர், எரு, கை, கருவி, மருந்து, சேமிப்பு.

ஆயிரக்கணக்கான விவசாயிகளை உட்காரவைத்து ஆளுக்கொரு கேடு ஆய்வு எழுதச் சொன்னால் என்ன வரும்? ஆலோசகர் ஒருவர் ஒரே கோப்பில் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் விற்பார். இதைத் தவிர்க்க, பயிர்க் குழு வாரியாகப் பொதுவான கேடு ஆய்வை ஒருமுறை தேசிய அளவில் செய்தார்கள். விவசாயிகள், நுண்ணுயிரியலாளர்கள், மாகாண அலுவலர்கள் சேர்ந்து செய்த அந்த ஆய்வின் முடிவுகளே கையேடாகின. விவசாயி தன் பண்ணைக்குப் பொருந்தும் பகுதிகளைக் குறித்து, சொன்னதைச் செய்து, படிவத்தில் எழுதினால் போதும். யோசிக்கும் பாரம் மையத்தில், செய்யும் பாரம் வயலில். இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்பது எங்கள் கருத்து.

அதற்கும் ஒரு விலை உண்டு. உருளைக்கிழங்கு, இலைக்காய்கறிகள், சிறுபழங்கள், மரப்பழங்கள், பசுங்குடில் பயிர்கள் என்று முதலில் தனித்தனிக் கையேடுகள் இருந்தன. ஸ்ட்ராபெர்ரி, ஸ்வீட் கார்ன், பூசணி மூன்றும் போடும் பண்ணையில் அலமாரி நிறைந்தது. ஒரே கை கழுவும் விதியை மூன்று இடத்தில் படிக்க வேண்டியிருந்தது. பிறகு வயல் பயிருக்கு ஒன்று, பசுங்குடிலுக்கு ஒன்று என இரண்டாகச் சுருக்கினார்கள். அலமாரி இளைத்தது, புத்தகம் பருத்தது. வேகவைத்தே தின்னும் கிழங்கு பயிரிடும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்காரர், “கீரைக்காரனுக்குச் சொன்னதை நான் ஏன் படிக்கணும்?” என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் பிரெஞ்சிலும் வெளியிட வேண்டும். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் இல்லாமல் தேசியத் திட்டம் ஏது? பண்ணையில் கை வேலை செய்வோரில் பலர் 1966-இல் ஜமைக்காவோடு தொடங்கி 1974-இல் மெக்சிகோவுக்கும் விரிந்த பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் வருபவர்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் தேவை. சுவரில் ஒட்டும் கை கழுவும் அறிவிப்பு படமாக இருப்பதே மேல்.

எருவும் தண்ணீரும்

மக்காத எருவை அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பே மண்ணில் சேர்த்துவிட வேண்டும். கனடாவின் கோடை குறுகியது என்பதால், பல பயிர்களுக்கு இதன் பொருள் “முந்தின இலையுதிர் காலத்திலேயே போடு” என்பதுதான். மக்கு உரத்துக்கு நாள் கணக்கு வேறு. திறந்த வரிசைக் குவியலில் 55 செல்சியஸ் டிகிரியோ அதற்கு மேலோ 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும்; மூடிய கலனில் 3 நாள் போதும். தவறு நடப்பது புரட்டலில். குவியலின் நடுவில் 60 டிகிரி காட்டும்போது ஓரத்து அரையடி வெறும் காற்றின் சூட்டில் இருக்கும். வெப்பமானியை நடுவில் மட்டும் குத்திப் பார்த்து எழுதியவர், ஓரத்து எருவைப் பச்சையாகவே வயலுக்கு அனுப்புகிறார். இன்னொன்று: புது எருவை அள்ளிய டிராக்டரின் அதே முன்வாளி, கழுவாமல், முடிந்த குவியலைக் கிளறும்.

பாசனத் தண்ணீருக்குக் கனடாவின் வழிகாட்டி அளவு, 100 மில்லியில் மலக்கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி வகை) 100, மொத்தக் கோலிஃபார்ம் 1,000. கழுவுவதன் கடைசி அலசலுக்கும் கைக்கும் குடிநீர்த் தரம் வேண்டும்: 100 மில்லியில் ஈ.கோலை பூஜ்யம், கோலிஃபார்மும் பூஜ்யம். மாதிரி எடுப்பதில் பாதிப் பிழை நடக்கிறது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியை அலசக் கூடாது. குளோரினை முறிக்க அதற்குள் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள், அலசினால் அது போய்விடும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. கிணற்றடிக் குழாயில் எடுத்துவிட்டு நிம்மதியடையவும் கூடாது. செடியில் படுவதும் பழத்தில் படுவதும் குழாயின் கடைசி முனைத் தண்ணீர், மாதிரியும் அங்கேதான். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி திங்களன்று போய்ச் சேர்ந்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

கழுவும் தொட்டி

பேக்கிங் கொட்டகையில் சற்று நின்று பார்க்க வேண்டியது இந்தத் தொட்டிதான். வெயிலில் பறித்த ஆப்பிளோ தக்காளியோ 28 டிகிரி சூட்டில் வந்து 12 டிகிரித் தண்ணீரில் விழுகிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. காம்புக் குழி வழியாகப் பழம் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீரில் கிருமி இருந்தால் இப்போது அது பழத்துக்குள்ளே. இனி எந்தக் கழுவலும் அதைத் தொடாது. எனவே தொட்டித் தண்ணீர் பழத்தைவிட சுமார் 5 டிகிரி சூடாக இருக்க வேண்டும், அல்லது பழத்தை முதலில் காற்றில் குளிரவைக்க வேண்டும்.

குளோரின் பழத்தைச் சுத்தம் செய்வதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழத்தின் மேல் ஒட்டியதில் ஒரு பகுதியைத்தான் அது குறைக்கும். அதன் உண்மையான வேலை, ஒரு கெட்ட பழத்தின் அழுக்கு தொட்டி வழியாக ஆயிரம் நல்ல பழத்துக்குப் பரவாமல் தண்ணீரைக் காப்பது. இதைச் செய்வது தனித்து நிற்கும் குளோரின். மண்ணோடும் சாற்றோடும் சேர்ந்துபோனது உதவாது. மொத்தக் குளோரினைக் காட்டும் சோதனைத் தாளை வாங்கிவிட்டு, “100 பிபிஎம் இருக்கு” என்று எழுதும் கொட்டகைகள் உண்டு.

காரத்தன்மை இன்னொரு பொறி. குளோரின் தரும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்ற ஊற்றத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏறும். 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமி கொல்லும் வடிவில் இருக்கும்; 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு. கொல்லவில்லையே என்று மேலும் ஊற்றினால் இன்னும் ஏறும். 6.5 முதல் 7.5 வரை பி.எச்.சை நிறுத்தி, பிறகு குளோரினைப் பார்ப்பதே வரிசை. மணிக்கொருமுறை பி.எச்., தனிக் குளோரின், வெப்பம் மூன்றையும் எழுதும் தாளில் எல்லா வரியும் ஒரே எண்ணாக இருந்தால் தணிக்கையாளர் சந்தேகப்படுவார். உயிருள்ள தொட்டியில் எண் ஆடும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், காபிக் கறையில்லாமல் மூன்று மாதப் பதிவேடு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

யாருக்கு யார் பதில் சொல்வது

அரசின் அங்கீகாரம் ஒரே கையெழுத்தில் வரவில்லை. கேடு ஆய்வும் கையேடும் அறிவியல்படி சரியா என்பது முதல் ஆய்வு. திட்டத்தை நடத்தும் முறை, அதாவது பயிற்சி, தணிக்கை, ஆவணக் கட்டுப்பாடு, புகார் கையாளல் ஆகியவை நிற்குமா என்பது இரண்டாவது. நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பிறகு நேரில் மதிப்பீடு. அதற்கப்புறம்தான் முழு அங்கீகாரம். 2008-இல் கனடாகேப் என்ற பெயரில் சான்றிதழ் தொடங்கியது. 2010-இல், பெரிய அங்காடிகளும் உணவு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் உலக உணவுப் பாதுகாப்பு முன்னெடுப்பின் ஒப்பீட்டு அங்கீகாரம் கிடைத்தது. பெரிய அங்காடிகள் கேட்டது இதைத்தான். அரசு முத்திரையைவிட விற்பனைக்கு அது பெரிது.

2012 நவம்பரில் திட்டம் தோட்டக்கலை மன்றத்தை விட்டுப் பிரிந்து, கேன்அக்பிளஸ் என்ற இலாப நோக்கமற்ற தனி நிறுவனத்தின் உடைமையானது. மன்றத்தின் வேலை விவசாயிகளுக்காகத் தலைநகர் ஒட்டாவாவில் வாதாடுவது. வாதாடும் வாயே தேர்வுத்தாளையும் எழுதினால் வாங்குபவர் நம்ப மாட்டார். விவசாயிக்குக் கடினமான விதி ஒன்றைச் சேர்க்க வேண்டிய நாளில் மன்றத்தின் உறுப்பினர்களே குறுக்கே நிற்பார்கள். பணமும் ஒரு காரணம். உருவாக்க அரசு நிதி தரும். வருடா வருடம் நடத்தத் தராது. சான்று பெறுபவர் கட்டும் கட்டணத்தில் ஓட, வரவு செலவு தனியாகத் தெரியும் உடல் ஒன்று வேண்டும். விவசாயத் திட்டங்கள் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்: மானியம் முடிந்த மார்ச் மாதத்தில்.

பிரிந்த பின் நான்கு தரப்பு. விதி எழுதி உடைமை வைத்திருப்பவர் கேன்அக்பிளஸ். தணிக்கை செய்து சான்று தருவது தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்கள், சான்றளிப்போருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17065 விதிப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது அங்கீகார அமைப்பு. மேலே அரசு. தணிக்கைக்குப் போனவரே சான்று முடிவை எடுக்கக் கூடாது. தணிக்கைக்குப் போகாத இன்னொருவர் கோப்பைப் பார்த்து முடிவெடுப்பார். தணிக்கையாளர் ஆலோசனையும் சொல்லக் கூடாது. “எப்படிச் சரி செய்யலாம் சொல்லுங்க” என்று விவசாயி கேட்டால் அவர் வாய் மூடி நிற்க வேண்டும். கொடுமைதான், ஆனால் தான் சொன்ன தீர்வுக்குத் தானே மதிப்பெண் போடுவது அதைவிட மோசம்.

இவ்வளவு பிரிவினைக்குப் பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது தணிக்கைக்கு உட்படுபவர்.

96 மதிப்பெண்

அந்த முடிச்சு என்ன செய்யும் என்பதை எல்லைக்குத் தெற்கே பார்த்தார்கள். 2011-இல் கொலராடோ பண்ணை ஒன்றின் முலாம்பழத்தால் லிஸ்டீரியா பரவி 147 பேர் நோயுற்றார்கள். 33 பேர் இறந்தார்கள். நோய் தொடங்கும் முன், ஜூலை மாதத் தணிக்கையில் அந்தப் பண்ணை வாங்கிய மதிப்பெண் 96, தரம் “மிகச் சிறப்பு”. கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி எதுவும் கலப்பதில்லை என்று தணிக்கை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதற்கு மதிப்பெண் குறையவில்லை. உருளைக்கிழங்கு கழுவ இருந்த பழைய இயந்திரத்தை முலாம்பழத்துக்குத் திருப்பியிருந்தார்கள். அதை முழுதாகக் கழுவிச் சுத்தம் செய்ய வழியில்லை, தரையில் தண்ணீர் தேங்கியது.

தணிக்கையாளர் கண்ணால் பார்த்தார், கையால் எழுதினார். கேள்வித்தாளில் அதற்கு எடை இல்லை. விதி எழுதுபவர் வேறு, பார்ப்பவர் வேறு என்ற பிரிவினையின் பலவீனமான இடம் இது: பார்ப்பவருக்குத் தெரிவது விதி எழுதுபவரைப் போய்ச் சேர வேண்டும். கனடாகேப்பில் தேர்ச்சி 85 சதவீதம். ஆனால் சில குறைகள், பதிவேட்டைப் பொய்யாக எழுதுவது உட்பட, மொத்த மதிப்பெண்ணைப் பாராமல் நேரே தோல்வி. கையேடும் நிலையாக நிற்பதில்லை. தணிக்கையிலிருந்தும் வயலிலிருந்தும் வரும் கேள்விகளைச் சேர்த்துத் திருத்துகிறார்கள். புதுப் பதிப்பு வழக்கமாக ஏப்ரல் 1-இல், விதைப்புக்கு முன், நடைமுறைக்கு வரும். பருவத்தின் நடுவில் விதி மாற்றினால் பாதிப் பதிவேடு ஒரு படிவத்திலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும்.

நான்காண்டுச் சுழற்சித் தெரிவும் உண்டு. முதலாண்டில் தணிக்கை, பிறகு மூன்றாண்டு சுயமதிப்பீடும் உறுதிமொழியும், இடையில் குலுக்கலில் பெயர் வந்தால் தணிக்கையாளர் வருவார். சிறிய பண்ணைக்கு இது செலவு மிச்சம். ஆண்டுதோறும் தணிக்கை, குழுவாகச் சான்று ஆகிய தெரிவுகள்தான் பெரிய அங்காடிகள் ஏற்பவை. எந்தத் தெரிவானாலும் அறுவடையோ பேக்கிங்கோ நடக்கும்போது வந்தால்தான் தணிக்கைக்குப் பொருள். ஆஸ்பராகஸ் மே, ஜூனில் சில வாரம்தான். எல்லாப் பண்ணையும் ஒரே வாரத்தில் தணிக்கையாளரைக் கேட்கும். விதி எழுதும்போது யாரும் எண்ணாத பற்றாக்குறை இது.

பெட்டியைத் தேடுவது

2019 ஜனவரி 15-இல் கனடாவின் பாதுகாப்பான உணவு ஒழுங்குமுறைகள் அமலுக்கு வந்தன. காய்கனிக்கான பல பிரிவுகள் ஓராண்டு தள்ளி. மாகாண எல்லை தாண்டி விற்பவர், ஆண்டு விற்பனை 1 லட்சம் டாலருக்கு மேலானால், தடுப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார் என்ற பதிவை 2 ஆண்டு காத்து, கேட்டால் 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விரும்பிச் சேர்ந்த திட்டத்தின் படிவங்கள் இப்படிச் சட்டத்துக்கான ஆதாரமுமாகின.

ஆண்டுக்கொரு ஒத்திகையில் இது சோதிக்கப்படும். ஒரு லாட்டை, அதாவது ஒரே எண்ணில் சேர்த்துக் கணக்கிடும் சரக்குத் தொகுதியை, எடுங்கள்: வயலிலிருந்து 480 பெட்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 310 பெட்டி ஓர் அங்காடிக்கு, 120 மொத்த வியாபாரிக்கு, 22 குளிர் அறையில். மீதி 28 எங்கே? கழிவாகத் தள்ளியதா, வேறு லாட்டோடு சேர்த்து மறுபடி பேக் செய்ததா? சேர்த்திருந்தால் அந்த இன்னொரு லாட்டையும் திரும்ப அழைக்க வேண்டும். கழிவை எழுதும் பழக்கம் இல்லாத கொட்டகையில் ஒத்திகை இங்கேதான் உடைகிறது.

லாட்டின் அளவு விவசாயியின் தெரிவு. “இந்த வாரம் முழுக்க ஒரு லாட்” என்றால் எழுத்து வேலை குறைவு. ஆனால் செவ்வாய்க்கிழமைத் தொட்டியில் சிக்கல் வந்தால் வாரம் முழுதும் குப்பைக்கு. தொட்டியை வடித்து, கழுவி, கிருமி நீக்கி, புதுத் தண்ணீர் நிரப்பிய நேரத்தில் புது லாட் எண் தொடங்குவதே புத்தி. தண்ணீர் மாறாமல் லாட் எண்ணை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. நோய் எண்ணைப் படிக்காது.

பக்கத்து நிலம்

2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள யூமா பகுதியின் ரோமெய்ன் லெட்டூஸால் ஈ.கோலை ஓ157 பரவியபோது, அதே கிருமி அங்கே ஒரு பாசனக் கால்வாயில் கிடைத்தது. அருகில் பெரிய மாட்டுக் கொட்டில். மாதத்துக்கொரு மாதிரியில் எண் நல்லதாகவே வரலாம். காற்றும் மழையும் அழுக்கைத் தள்ளிய அந்த ஒரு நாளில் மாதிரி எடுத்தால்தானே தெரியும்? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மே மாதத்தில் அறுவடைக்கு முந்தைய பாசனத் தண்ணீருக்கான எண் வரம்பைக் கைவிட்டு, ஆண்டுக்கொரு முறை நீர் ஆதாரம், பாய்ச்சும் முறை, பயிர், வானிலை, அக்கம்பக்கத்து நிலம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பெரிய பண்ணைகளுக்கு 2025 ஏப்ரல் முதல்.

அந்த நாட்டுக்கு விற்கும் கனடா விவசாயிக்கும் இது பொருந்தும். தண்ணீர்ச் சோதனை முடிவைக் கோப்பில் செருகுவது எளிது. மேட்டுப் பக்கத்தில் யாருடைய மாடு, எருக்குவியல் எந்தச் சரிவில், மழைக்குப் பின் எத்தனை நாள் கழித்துப் பம்பைப் போடுவது என்பதை எந்தத் தேசியக் கையேடும் முன்கூட்டி எழுதித் தர முடியாது. மையம் எடுத்துக்கொண்ட யோசிக்கும் பாரத்தில் ஒரு பங்கு மறுபடி வரப்புக்கே வருகிறது. பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் என்ன செய்தாலும் அதைத் தடுக்க இந்த விவசாயிக்கு எந்த அதிகாரமும் இல்லை. மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்து மட்டும் இவருடையது.